சண்டைக்கு யாரும் வராத ஊருக்கு எதற்கு இவ்வளவு ராணுவம்? (சிங்கப்பூர்)

8 பிப்ரவரி – கோவையிலிருந்து வந்த கேள்வி

"இரண்டு முறை சிங்கப்பூர் வந்து போயிருக்கிறேன். ரயிலில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் நாடு முடிந்துவிடுகிறது. இதற்கு எஃப்-16, நீர்மூழ்கி, டாங்கி எல்லாம் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளையும் இரண்டு வருடம் கட்டாய ராணுவத்துக்கு அழைத்துப் போகிறார்கள். யார் வந்து எதைப் பிடுங்கப் போகிறார்கள்? சுவிட்சர்லாந்து மாதிரி 'நாங்கள் நடுநிலை' என்று போர்டு மாட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்க வேண்டியதுதானே? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்."

8 பிப்ரவரி, இரவு 10:50

முதலில் சுவிஸ். அங்கேயும் ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு, வீட்டுக்கு வீடு பதுங்கறை உண்டு. நடுநிலை என்று போர்டு மாட்டினவன்தான் கதவுக்குப் பெரிய பூட்டாக வாங்குகிறான். மற்றது நாளைக்கு. காலையில் வேலை இருக்கிறது.

9 பிப்ரவரி, மாலை

சரி, உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும்.

என் அப்பா செம்பவாங் நேவல் பேஸில் ஃபிட்டர். பிரிட்டிஷ் கடற்படைத் தளம். அந்தப் பக்கம் முழுக்கத் தமிழர்களும் மலையாளிகளும்தான், "பேஸ் ஆளு" என்றால் கல்யாணச் சந்தையில் ஒரு மரியாதை. மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பிரிட்டிஷ்காரன் இருக்கும்வரை கவலையில்லை என்ற நினைப்பு. 1967-ல் பிரிட்டன் "நாங்கள் கிளம்புகிறோம்" என்று அறிவித்தது. பணம் இல்லை, பவுண்டின் மதிப்பு சரிந்துவிட்டது, சூயஸுக்குக் கிழக்கே எங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். சிங்கப்பூர் சம்பாதித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி வந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களைப் பற்றி அம்மா பேசும்போது குரல் மாறிவிடும், அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அப்புறம் அந்தத் தளம் வணிகக் கப்பல் பட்டறையாக மாறியது, அப்பா தப்பித்தார். தப்பிக்காதவர்கள் உண்டு.

எங்கள் ஊரின் வெளியுறவுக் கொள்கையை எனக்கு யாரும் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியதில்லை. "நான் இருக்கிறேன், நீ தூங்கு" என்று சொன்னவன் ஒருநாள் பெட்டி கட்டிவிடுவான். இந்த ஒன்றைச் சுற்றித்தான் மீதி எல்லாம்.

1965 ஆகஸ்ட் 9-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது கையில் இருந்தது இரண்டு காலாட்படைப் பட்டாளம். அதிலும் பலர் மலேசியக்காரர்கள். இரண்டாவது பட்டாளம் போர்னியோவில் பணி முடிந்து ஊர் திரும்பினால் அவர்களுடைய முகாமில் மலேசியப் படை உட்கார்ந்திருக்கிறது. ஃபேரர் பார்க் திடலில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். லிட்டில் இந்தியாவுக்கு வந்திருப்பீர்களே, அங்கிருந்து நடக்கிற தூரம். சொந்த நாட்டில் சொந்தப் படைக்குத் தங்க இடமில்லை என்றால் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

படை கட்டித் தாருங்கள் என்று முதலில் கேட்டது இந்தியாவையும் எகிப்தையும். சாஸ்திரியிடமிருந்து வாழ்த்து வந்தது, கேட்டதற்குப் பதில் வரவில்லை. நாசரும் அங்கீகாரத்தோடு நிறுத்திக்கொண்டார். வந்தது இஸ்ரேல். சுற்றிலும் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள் என்பதால் வந்தவர்களை "மெக்ஸிகோக்காரர்கள்" என்று சொல்லி வைத்தார்கள். வெயிலில் கறுத்த முகம், எவன் கண்டுபிடிப்பான் என்ற தைரியம்! தற்காப்பு அமைச்சர் (உங்கள் ஊரில் பாதுகாப்பு அமைச்சர்) கோ கெங் சுவீ. படிப்பு பொருளாதாரம், ராணுவ அனுபவம் போருக்கு முன் தொண்டூழியப் படையில் கார்ப்பரல். நானும் கார்ப்பரலாகத்தான் வெளியே வந்தேன், எனக்கு யாரும் அமைச்சகம் தரவில்லை.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1967 ஜூலையில் பிரிட்டன் சொன்னது, எழுபதுகளின் நடுவில் கிளம்புவோம் என்று. அடி விழுந்தது 1968 ஜனவரியில். 1971 மார்ச்சுக்குள் காலி செய்கிறோம் என்று நாளை முன்னே இழுத்தார்கள். எங்கள் பிரதமர் லீ குவான் யூ லண்டனுக்கு ஓடிப் பேசி அந்த வருடக் கடைசிவரை நீட்டி வாங்கினார். முதல் சொல்லை அவர்களே ஆறு மாதத்தில் மாற்றினார்கள் என்பதால் என் கட்சிக்கு இது இன்னும் பலம்தான்.

11 பிப்ரவரி, பின்னிரவு

"யார் வரப்போகிறார்கள்" என்று கேட்டீர்கள். வந்திருக்கிறார்கள்.

1963 முதல் 66 வரை இந்தோனேசியாவின் சுகர்ணோ "கொன்ஃப்ரொன்தாசி" நடத்தினார். மலேசியா என்ற புதிய நாடே கூடாது என்ற மோதல், அப்போது நாங்களும் அதற்குள். 1965 மார்ச் 10, ஆர்ச்சர்ட் ரோடு மெக்டொனல்ட் ஹவுஸ். இந்தோனேசிய மரைன்கள் இருவர் வைத்த குண்டில் 3 பேர் செத்தார்கள், 33 பேருக்குக் காயம். இறந்தவர்கள் ராணுவத்தினர் இல்லை, பொதுமக்கள். அந்தக் கட்டடம் இன்னும் அங்கேயே இருக்கிறது, செங்கல் கட்டடம், கடைகளுக்குப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

அந்த இருவருக்கும் தூக்கு. மோதல் முடிந்து, சுகர்ணோ போய், சுகார்த்தோ வந்துவிட்டார். புது நட்பு. சுகார்த்தோவே கருணை காட்டச் சொல்லிக் கேட்டார். சிங்கப்பூர் மறுத்தது. 1968 அக்டோபர் 17-ல் சாங்கி சிறையில் தூக்கு நடந்தது. ஜகார்த்தாவில் எங்கள் தூதரகத்தை அடித்து நொறுக்கினார்கள். பிரிட்டன் கிளம்புகிறேன் என்று சொன்ன அதே வருடம், எங்களைப் போல் எத்தனையோ மடங்கு பெரிய பக்கத்து வீட்டுக்காரர் கேட்டும் இப்படி ஒரு முடிவு. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பேன் என்றுதான் பல வருடம் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. ஒருமுறை பெரியவர் கேட்டாரே என்று சட்டத்தை வளைத்தால் அடுத்த முறை கேட்கவே மாட்டார்கள், சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதன் அடுத்த பாதிதான் எனக்குப் பிடித்தது. 1973 மே மாதம் லீ ஜகார்த்தா போனார். கலிபாத்தா வீரர் மயானத்தில் அந்த இருவரின் கல்லறையில் பூத் தூவினார். தூக்கில் போட்டவரே போய்ப் பூப்போடுகிறார்! அவர்கள் ஊர் நம்பிக்கைக்கு அது தேவைப்பட்டது, செய்தார். உறவு சரியானது. தூக்கை மட்டும் சொல்கிறவர்களும் பூவை மட்டும் சொல்கிறவர்களும் எங்கள் கோப்பிக்கடையில் தனித்தனி மேசை.

கதை அதோடு முடியவும் இல்லை. 2014-ல் இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு அந்த இருவரின் பெயரையே வைத்தது, உஸ்மான் ஹருண். சிங்கப்பூர் அந்தக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குள் வரக்கூடாது என்றது. ஐம்பது வருடம் ஆனால் என்ன.

12 பிப்ரவரி

பதுங்கறை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், எங்கள் வீட்டிலும் இருக்கிறதா என்று. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கட்டின வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. தடிச் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அது தற்காப்புக்கு என்று அரசு நினைக்கிறது. என் மனைவிக்கு அது ஸ்டோர் ரூம். பொன்னி அரிசி மூட்டை இரண்டு, தீபாவளிப் பலகாரச் சட்டி, பழைய மின்விசிறி, மகனின் சைக்கிள், ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி. குண்டு விழுந்தால் முதலில் அரை மணி நேரம் சாமான் இறக்க வேண்டும்.

13 பிப்ரவரி

"முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் நம்ம ஆள், அதை ஏன் சொல்லவில்லை" என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். சொல்கிறேன். எஸ். ராஜரத்தினம் 1915-ல் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர், கைக்குழந்தையாக மலாயா வந்து சிரம்பானில் வளர்ந்தவர், பத்திரிகைக்காரர். 1965 முதல் 1980 வரை வெளியுறவு. 1967 ஆகஸ்ட் 8-ல் பாங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பை உருவாக்கக் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் ஒருவர். தானபாலன், ஜெயகுமார், சண்முகம், இப்போது விவியன் பாலகிருஷ்ணன் என்று கணக்குப் போட்டால் இதுவரை வந்த ஏழு வெளியுறவு அமைச்சர்களில் ஐந்து பேருக்குத் தமிழ் வேர் உண்டு (விவியனுக்கு அப்பா வழியில்).

ஆனால் "நம்ம ஆள்" என்றால் ராஜரத்தினத்துக்கே பிடித்திருக்காது. இனம், மொழி, மதம் பாராமல் ஒரே மக்கள் என்ற எங்கள் தேசியப் பற்றுறுதியை 1966-ல் எழுதியவர் அவர். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் நாங்கள் சொன்னது அது. இந்த ஊரில் வெளியுறவு என்பது பாதி உள்நாட்டு வேலை. முக்கால்வாசிப் பேர் சீன வம்சாவளி, இரண்டு பக்கமும் மலாய் உலகம். "சீனாவின் கிளைக்கடை" என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கதை முடிந்தது. மக்கள் சீனத்தோடு முறையான தூதரக உறவே 1990 அக்டோபர் 3-ல்தான் வைத்துக்கொண்டார்கள், அதுவும் இந்தோனேசியா ஆகஸ்ட்டில் வைத்துக்கொண்ட பிறகு. பந்தியில் பெரியவர் கை வைக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

15 பிப்ரவரி, மாலை 6:40

இப்போதுதான் சங்கு ஊதி அடங்கியது. ஒவ்வொரு வருடமும் இன்று மாலை 6:20-க்கு ஊதும். 1942-ல் பிரிட்டிஷ்காரன் ஜப்பானிடம் சரணடைந்த நாளும் நேரமும். புக்கித் தீமா ஃபோர்டு ஆலையில் பெர்சிவல் கையெழுத்துப் போட்டார், 80,000 பேர் அளவில் கைதானார்கள், அதில் பாதியளவு இந்தியச் சிப்பாய்கள். வெல்ல முடியாத கோட்டை என்று விளம்பரம் செய்த ஊர்.

தோற்ற நாளை விடாமல் நினைவுநாளாக வைத்திருக்கும் நாடுகள் அதிகம் இருக்காது. "முழுமைத் தற்காப்பு நாள்" என்று பெயர். பள்ளியில் பிள்ளைகளுக்கு அன்று மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கொடுப்பார்கள், போர்க்காலச் சாப்பாடு என்று. என் மகன் நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டானாம். பாடம் எங்கே ஏறியது!

தாத்தாவின் தம்பி ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். திரும்பவில்லை. வீட்டில் படம்கூடக் கிடையாது. சங்கு ஊதும்போது மட்டும் அம்மா அவர் பெயரைச் சொல்வார். இன்று அம்மா இல்லாத முதல் வருடம், நான் சொன்னேன்.

17 பிப்ரவரி

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பயத்தாலேயே எல்லாம் நடந்தது போல எழுதிவிட்டேன். பாதிதான் சரி. கையில் பலம் இல்லாதவன் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்வான், தெருவில் சின்னக் கடைக்காரன் போலீஸ் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாக விரும்புவது மாதிரி. அதனால் எவனும் எல்லையைப் படை கொண்டு மாற்றக்கூடாது என்ற ஒரு விதியை சிங்கப்பூர் விடாமல் சொல்லி வந்திருக்கிறது.

1983-ல் அமெரிக்கா கிரெனடா தீவுக்குள் புகுந்தது. அமெரிக்கா எங்களுக்கு நெருக்கம். ஐநா பொதுச்சபையில் அதைக் கண்டித்த தீர்மானத்துக்கு சிங்கப்பூர் ஆதரவாக ஓட்டுப் போட்டது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் போனபோது ஆசியானில் தானாகவே தடைகள் விதித்த ஒரே நாடு சிங்கப்பூர். அதைக் கண்டித்த ஐநா ஓட்டெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்றது. அதற்கு அவர்கள் கணக்கு அவர்களுக்கு, எண்ணெய் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, வடக்கே சீனா இருக்கிறது. பெரிய நாட்டுக்கு ஒதுங்கி நிற்க இடம் இருக்கும்.

இப்போது கசப்பான கதை. 1978 டிசம்பர் 25, வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தது. ஜனவரி 7-ல் ப்னோம் பென் விழுந்தது. போல் பாட் கூட்டம் ஓடியது. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த மக்களைச் சாகடித்த கூட்டம். சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றும்? நல்லவேளை, யாரோ வந்து விரட்டினார்களே என்று. சிங்கப்பூருக்குத் தோன்றியது வேறு. படையெடுத்து ஆட்சியை மாற்றுவதை ஒப்புக்கொண்டால் நாளை நமக்கும் அதுதானே. ராஜரத்தினமும் அவருக்குப் பின் தானபாலனும் ஐநாவில் எங்கள் தூதர் டாமி கோவும் பத்து வருடம் ஓடி ஓடிக் காரியம் பார்த்தார்கள். விளைவு, எண்பதுகள் முழுக்க ஐநாவில் கம்போடியாவின் நாற்காலி கெமர் ரூஜ், அதாவது அந்தப் போல் பாட் கூட்டத்தின் தரப்பிடமே இருந்தது (82-லிருந்து பழைய மன்னர் சிஹானூக்கையும் சேர்த்த கூட்டணி என்ற பெயரில்). இந்தியா 1980-லேயே புதிய அரசை அங்கீகரித்தது. எங்கள் ஆட்களுக்கு அதில் ஏகக் கடுப்பு.

1989-ல் வியட்நாம் படைகளைத் திருப்பி அழைத்தது, 1991 அக்டோபரில் பாரிஸ் ஒப்பந்தம். எங்கள் அதிகாரிகள் இதைப் பெரிய வெற்றியாகச் சொல்வார்கள். நானும் இளைஞனாக இருந்தபோது அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சுற்றுலாவாகப் ப்னோம் பென் போய் தூல் ஸ்லெங் பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடம், அதைச் சிறை ஆக்கியிருந்தார்கள். சுவர் முழுக்கப் புகைப்படம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவன் மனைவி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன். விதி சரிதான், ஆனால் அதன் விலையைக் கொடுத்தது நாங்கள் இல்லை.

2019-ல் பிரதமர் லீ சியன் லூங் ஓர் இரங்கல் பதிவில் இதைப் 'படையெடுப்பு' என்று எழுதப் போய் வியட்நாமும் கம்போடியாவும் சீறின. சியன் லூங் சொன்னது எங்கள் பாடப்புத்தகம். அவர்கள் சொன்னது அவர்கள் ஊர்ப் பிணக்குழி. இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

18 பிப்ரவரி

"விடாமல் சொல்லி வந்திருக்கிறது" என்று எழுதினேன், ஒருவர் பட்டென்று கேட்டுவிட்டார்: "2003 ஈராக்?"

ஆமாம். மாட்டிக்கொண்டேன். ஈராக்கில் அமெரிக்காவின் பக்கம் நின்றார்கள், பேரழிவு ஆயுதம் என்ற காரணத்தை ஏற்றுக்கொண்டார்கள், கப்பலும் அனுப்பினார்கள். அதே 2003 மே மாதம் அமெரிக்காவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றுக்கு ஒன்று தொடர்பு என்று நான் சொல்லவில்லை, தேதியை மட்டும் எழுதுகிறேன். கிரெனடாவில் காட்டிய முதுகெலும்பு ஈராக்கில் வளைந்தது. "விடாமல்" என்பதை "பெரும்பாலும்" என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

20 பிப்ரவரி, இரவு

இன்றைக்குத் தைவான். 1988-ல் நான் சேர்ந்தபோது நீ சூன் முகாமில் அடிப்படைப் பயிற்சி. கார்ப்பரல் ஆக்கினார்கள், அதனால் இரண்டரை வருடம் (சாதாரணச் சிப்பாய்க்கு இரண்டு, 2004 கடைசியில்தான் எல்லோருக்கும் இரண்டு ஆக்கினார்கள், என் மகன் அதிர்ஷ்டக்காரன்). விடுதலை நாளை அப்போது ஆர்ஓடி என்போம், இப்போது பையன்கள் எழுத்தைத் திருப்பிப் போட்டு ஓஆர்டி என்கிறார்கள். ராணுவம் முப்பது வருடத்தில் செய்த பெரிய சீர்திருத்தம்.

சிங்கப்பூரில் பீரங்கி சுட்டால் குண்டு வேறு நாட்டில் விழும். அதனால் பயிற்சிக்கு ஊர் ஊராகப் போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து, புருணையில் காடு, பிரான்சில் விமானப் பயிற்சி, ஜெர்மனியில் டாங்கி. இந்தியாவிலும்தான், கலைக்குண்டாவில் விமானப்படை, பாபினாவில் டாங்கி, தேவ்லாலியில் பீரங்கி. 1975 முதல் தைவான், "ஸ்டார்லைட்" என்று பெயர். நான் போனது தெற்கே ஹெங்ச்சுன் பக்கம். மலை, மழை, எலும்புக்குள் போகிற காற்று. மூட்டைக்குள் அம்மா மடித்துக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைப் படைப்பிரிவு முழுக்க நக்கித் தீர்த்தது. ஹொக்கியன் பையன் ஒருவன் இன்றைக்கும் என்னை ஊறுகாய் என்றுதான் கூப்பிடுகிறான்.

சீனாவுக்கு இது பிடிக்காது, ஆனால் பல வருடம் கண்டும் காணாமல் இருந்தது. 2016 நவம்பரில் தைவான் பயிற்சி முடிந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஒன்பது டெரெக்ஸ் கவச வண்டிகளை ஹாங்காங்கில் சுங்கத்துறை பிடித்து வைத்தது. அந்த வருடம் ஜூலையில்தான் தென்சீனக் கடல் விவகாரத்தில் ஹேக் தீர்ப்பாயம் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, சிங்கப்பூர் வழக்கம்போலச் சட்டம் மதிக்கப்பட வேண்டும் என்றது. வண்டிகள் 2017 ஜனவரி கடைசியில் திரும்பி வந்தன. அந்த இரண்டு மாதமும் கோப்பிக்கடையில் ஒவ்வொரு அங்கிளும் வெளியுறவுச் செயலாளர்தான். "எதுக்கு லா வாயைத் திறக்கணும், நமக்கென்ன" என்று பாதிப் பேர். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். மாமனார் வேறு ஷென்சென் சரக்கு விற்கிற கடை வைத்திருந்தார்.

அதே சண்டை மேலேயும் நடந்தது. 2017 ஜூலையில், கத்தாரை அண்டை நாடுகள் முற்றுகை போட்டிருந்த நேரம், முன்னாள் தூதர் கிஷோர் மஹ்புபானி சின்ன நாடு சின்ன நாடு மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதினார். இன்னொரு முன்னாள் மூத்த அதிகாரி பிலஹரி கௌசிகன் ஏறி மிதித்தார், அமைச்சர் சண்முகமும் சேர்ந்துகொண்டார். பவ்யமாக இருந்து இந்த ஊர் உருப்பட்டதில்லை என்பது அவர்கள் கட்சி. பிலஹரியின் அப்பா பி.எஸ். ராமன்தான் 1968-ல் ஜகார்த்தாவில் தூதர், நான் 11-ஆம் தேதி எழுதினேனே, அந்தத் தூதரகம். தூதரகம் நொறுங்கின வீட்டுப் பிள்ளையிடம் போய் அடக்கி வாசி என்றால்? (ராகத்தின் பெயர் வைத்தவரிடம் அடக்கி வாசிக்கச் சொல்வதும் ஒரு தைரியம்தான்.)

21 பிப்ரவரி

இப்போது எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளம் வாங்கும் நாட்களில் கிஷோர், சங்கு ஊதும் நாளில் பிலஹரி.

23 பிப்ரவரி

இதை எழுதாமல் விட்டால் நேர்மை இல்லை. தேசிய சேவை (கட்டாய ராணுவத்துக்கு எங்கள் பெயர்) 1967-ல் தொடங்கிய முதல் சில வருடங்களில் மலாய் இளைஞர்கள் பெரும்பாலோரை அழைக்கவில்லை. சண்டை வந்தால் பக்கத்து நாட்டு மலாய்க்காரர்மீது சுடுவார்களா என்ற சந்தேகம். பிறகு அழைத்தார்கள், இன்று விமானிகளும் தளபதிகளும் உண்டு. ஆனாலும் எங்கள் பட்டாளத்தில் ஒரு மலாய் சார்ஜன்ட் இருந்தார், கட்டுக்கோப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை, அவருடைய அண்ணன் பதினெட்டு வயதில் அழைப்புக் கடிதத்துக்காகக் காத்திருந்தாராம். வேலைக்குப் போனால், நாளைக்குப் படைக்குப் போய்விடுவாய் என்று முதலாளிகள் எடுக்கவில்லை. படையிலும் எடுக்கவில்லை. நடுவில் நின்றார். தேசப் பாதுகாப்பு என்று சொல்லும்போது அந்த நடுவில் நின்ற ஆளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

24 பிப்ரவரி

தண்ணீர் பற்றிக் கேட்டவருக்கு, சுருக்கமாக. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், 1000 கேலனுக்கு 3 சென், 2061 வரை. (1961-ல் போட்ட இன்னொன்று 2011-ல் முடிந்துவிட்டது.) மலேசியாவில் அரசியல்வாதிக்கு வேலை இல்லாதபோது குழாயை மூடுவோம் என்பார். அந்த வார்த்தையை அடிக்கடி கேட்டதால் வந்ததுதான் புதுநீர், கழிவுநீரைச் சுத்திகரித்தது, 2003 முதல் ஆலைகள் ஓடுகின்றன. 2005-ல் துவாஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. காவிரியை வைத்துப் பேச வேண்டாம், அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

26 பிப்ரவரி

கோவைக்காரர் திரும்ப வந்திருக்கிறார். "எல்லாம் சரி, இவ்வளவு செலவு செய்து உண்மையில் ஒரு பெரிய நாடு வந்தால் தாங்குமா?" என்கிறார். நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காடு அளவு தற்காப்புக்குப் போகிறது, வருடத்துக்கு 20 பில்லியன் வெள்ளிக்கு மேல். தாங்குமா என்றால், 1966-ல் லீ சொன்ன உவமை ஒன்று உண்டு: பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும், சின்ன மீன் இறாலைத் தின்னும், நாம் விஷ இறாலாக இருக்க வேண்டும். தின்றவனுக்கு வயிற்று வலி வரவேண்டும். இதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம், வலி அவனுக்கு வந்தாலும் தின்னப்பட்ட இறாலுக்கு என்ன லாபம்? ராணுவத்துக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், பின்னாளில் உவமையை முள்ளம்பன்றிக்கு மாற்றினார்கள்.

1 மார்ச்

தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்ட தம்பிக்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் இங்கே வேலைக்கு வந்து பிஆர் (நிரந்தரவாசம்) எடுத்தால் உங்களுக்குத் தேசிய சேவை பொதுவாகக் கிடையாது. உங்கள் பெயரில் மகனுக்கும் பிஆர் எடுத்தால் அவனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவுக் கடிதம் வரும். பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிஆரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஊரில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சேவை செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் பின்னாளில் அவன் இங்கே படிக்க வரவோ வேலைக்கு வரவோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். இப்போது அவனுக்கு நாலு வயது என்கிறீர்கள். நாலு வயதுப் பையனிடம் கேட்க முடியாதுதான், ஆனால் அவன் அம்மாவிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் கேட்காமல் நான் தலையாட்டிவிட்டு, மகன் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் படகில் ஏறிய அன்று மூன்று வேளைச் சாப்பாட்டையும் நானே சமைத்தேன்.